பாண்டியன் குதிரைகளின் குளம்பு

மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவின்போது நரியைப் பரியாக்கிய லீலை இன்றும் நிகழ்த்தப்படுகிறது. கதை நாமெல்லோரும் அறிந்ததே. குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொருளைத் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டுவிடுகிறார் வாதவூரர். இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கிக் கொணர்ந்து கொடுக்கிறான். இரவு கவிந்ததும் அவை மீண்டும் நரிகளாகி, கொட்டடியிலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிடுகின்றன. பொழுது விடியும்போது மன்னனிடம் பொருளுமில்லை, புரவியுமில்லை.

இக்கதையைப் பக்தியின் வழியே படிப்பதுதான் நம் மரபு. அதில் எனக்கு மாறுபாடு ஏதுமில்லை. ஆயினும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பாண்டி நாட்டைப் பற்றி வெளிநாட்டார் எழுதி வைத்தவற்றைப் படித்துவிட்டு மீண்டும் இக்கதைக்கு வரும்போது, அதன் அடியில் ஒரு கணக்குப்பிள்ளையின் பெருமூச்சும் கேட்பதுபோல் தோன்றுகிறது. பெரும்பொருள் கொடுத்துக் கடல்வழியே வாங்கிய குதிரைகள் கொட்டடிக்கு வந்த சிறிது காலத்தில் இல்லாமற் போயின. அந்தக் காலத்து அரசுகளுக்கு இது புராணமன்று, ஆண்டுதோறும் எழுதப்பட்ட செலவுக் கணக்கு.

வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ சீனத்திலிருந்து திரும்பும் வழியில், கி.பி. 1292-93 வாக்கில், பாண்டி நாட்டுக் கடற்கரையைத் தொட்டுச் சென்றார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி செய்த காலம் அது. அரபு வணிகர்களைப் பின்பற்றி மார்க்கோ போலோவும் இந்நாட்டை மாபார் என்றே அழைக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது: இந்நாட்டில் குதிரைகள் பிறப்பதில்லை. கிஷ், ஹோர்முஸ், தோஃபார், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வணிகர்கள் கொண்டுவருகின்றனர். மன்னன் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறான், அவனுடைய நான்கு சகோதரர்களும் அவ்வாறே. ஆனால் ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை. காரணம், இவர்களுக்குக் குதிரையைப் பேணத் தெரியாது, லாடம் அடித்துக் குளம்பு பார்க்கும் தொழிலாளரும் இல்லை. அடுத்ததாக அவர் சொல்வதுதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. குதிரை வணிகர்கள் அத்தொழிலாளரைத் தாமும் அழைத்து வருவதில்லை, பிறர் வருவதையும் தடுத்துவிடுகின்றனர். குதிரைகள் சாகச்சாகத்தானே விற்பனை பெருகும்!

மார்க்கோ போலோவைப் படிப்போர் அவருடைய எண்களைச் சற்றுத் தட்டிப் பார்த்தே ஏற்றுக்கொள்ளல் வேண்டும். எனவே இன்னொரு சாட்சியையும் அழைப்போம். பாரசீகத்தின் ஷீராஸைச் சேர்ந்த வஸ்ஸாஃப் இல்கானிய மங்கோலிய அரசின் வரி நிர்வாகத்தில் பணியாற்றியவர், மார்க்கோ போலோவின் சமகாலத்தவர். குதிரைகள் ஏற்றுமதியான கரையிலிருந்து எழுதியவராதலால் விலை விவரம் அவருக்குத் தெரிந்திருந்தது. கிஷ் தீவின் தலைவரான ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மாபாருக்கு அனுப்புவது என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது. குதிரையொன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை. அதற்கு முந்தைய அத்தாபக் அபூபக்கரின் காலத்தில், மாபாருக்கும் காம்பேக்கும் அண்டைத் துறைகளுக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள், 22 லட்சம் தினார் மதிப்பில் ஏற்றுமதியாயின என்றும் எழுதுகிறார். மார்க்கோ போலோவின் ஐவர் கணக்கும் பத்தாயிரத்தைத் தொடுகிறது என்பதால் இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன என்று சிலர் மகிழ்வதுண்டு. அவசரப்பட வேண்டாம். ஒன்று பாண்டியர் மட்டும் வாங்கியது, மற்றொன்று மேற்குக் கரையையும் உள்ளடக்கியது. காலமும் வேறு.

வஸ்ஸாஃப் தரும் ஒப்பந்த விவரங்களில் ஒரு நிபந்தனை முக்கியமானது. வழியில் குதிரை காயமுற்றாலும் இறந்தாலும் அதன் விலையைப் பாண்டியன் கருவூலமே கொடுத்துவிட வேண்டும். விற்பவனுக்கு எவ்வகையிலும் இழப்பில்லை. இது பாண்டியரோடு முடிந்த வழக்கமுமன்று. இரு நூற்றாண்டுகளுக்குப்பின் விஜயநகரத்தைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியரான நூனிஸ், சாளுவ நரசிம்மர் குதிரை வாங்கிய விதத்தைச் சொல்கிறார். கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் அறுத்துக் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரைக்குரிய விலை கிடைத்துவிடும். வாலுக்கு விலை கொடுத்த அரசுகள் குளம்பைக் கவனித்தனவா என்பதே நம் கேள்வி.

சிறுவயதில் எங்கள் ஊர்ச் சந்தையில் மாடுகளுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மாட்டைக் கயிறு கட்டிச் சாய்த்து, நான்கு கால்களையும் சேர்த்துப் பிணைத்து, பிளவுண்ட குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு தகடு வைத்து அடிப்பார்கள். நானும் நண்பர்களும் ஆணி அடிக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்போம், மாடோ பேசாமல் கிடக்கும். அந்தத் தொழிலாளி ஆணியடித்த நேரத்தைவிட, வளைந்த கத்தியால் குளம்பைச் சீவிச் சமன் செய்த நேரமே அதிகம் என்பது அப்போது உறைக்கவில்லை. லாடம் என்றதும் இரும்பைத்தான் நாம் நினைக்கிறோம். தொழிலின் உயிர் சீவுவதில்தான் இருக்கிறது.

குதிரைக் குளம்பு நம் நகத்தைப்போல் வளர்ந்துகொண்டே இருப்பது. மாதத்துக்குச் சற்றேறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். வெட்டவெளியில் நாள்தோறும் பல கல் தொலைவு நடக்கும் குதிரைக்கு வளர்வதும் தேய்வதும் ஈடாகிவிடுகின்றன. கொட்டடியில் நிற்கும் குதிரைக்குத் தேய்மானம் இல்லை. முன்விளிம்பு நீள்கிறது, ஒவ்வோர் அடியெடுப்பிலும் அந்நீளம் நெம்புகோலாகிக் குளம்புச் சுவரைப் பெயர்க்கப் பார்க்கிறது. பின்னங்கால் நரம்புகளும் தசைநாண்களும் இழுபடுகின்றன. ஆகவேதான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும் என்பது இன்றைய விதி. லாடம் அடித்த குதிரைக்கும் அதே காலக்கெடுவில் லாடத்தைக் கழற்றிச் சீவி மீண்டும் பொருத்த வேண்டும். இரும்பை அடித்துவிட்டு மறந்துபோவது அடிக்காததைவிடக் கேடு.

ஈரம் இன்னொரு பகை. குளம்பின் அடியில் ஆப்பு வடிவில் மெத்தென்ற பகுதி ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் அதற்குத் தவளை என்று ஏனோ பெயர் வைத்திருக்கிறார்கள். சாணமும் மூத்திரமும் ஊறிய தரையில் நின்றுகொண்டேயிருந்தால் அதன் இருபுறப் பள்ளங்களிலும் அழுகல் தோன்றிக் கருநிறச் சீழும் பொறுக்கவொண்ணா நாற்றமும் வரும். கவனியாவிட்டால் உள்ளே பரவி முடமாக்கும். அரபுப் பாலையின் உலர்ந்த தரையில் இறுகிய குளம்புகள் கப்பலின் அடித்தளத்தில் வாரக்கணக்கில் நின்று, தாமிரவருணி கடலோடு கலக்கும் காயல் துறையில் வந்து இறங்கியதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் அறிந்து எழுதியவர்கள் பழங்காலத்திலேயே இருந்தனர். கிரேக்கரான செனபோன் கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், குதிரை வாங்கப் போகிறவன் முதலில் பார்க்க வேண்டியது குளம்பையே என்கிறார். குழிவான நல்ல குளம்பு தரையில் படும்போது தாளம்போல் ஒலிக்குமாம். கிரேக்கர் லாடம் அடித்தவரல்லர். அதற்கு மாற்றாக அவர் கூறும் உபாயம் அழகானது. கொட்டடியின் தரை ஈரமில்லாமல் சரிவாக இருத்தல் வேண்டும். வெளியே, குதிரையைத் தேய்த்துவிடும் இடத்தில், கைக்கடங்கும் உருண்டைக் கற்களை நாலைந்து வண்டி கொட்டிப் பரப்பிவிட வேண்டும். குதிரை அதன்மேல் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தாலே நடைபயின்ற பயன் கிட்டும், குளம்பும் உறுதிப்படும். ஆணியடித்த இரும்பு லாடம் ஐரோப்பாவில் பரவலானது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, ஏறத்தாழ ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில்தான்.

அதே நூலில் செனபோன் ஒரு நோயின் பெயரையும் குறிப்பிடுகிறார். கிரேக்க மொழியில் வாற்கோதுமைக்குக் கிரிதே என்று பெயர். அதிலிருந்து பிறந்த சொல் கிரிதியாஸிஸ், அதாவது வாற்கோதுமை மிகுந்ததால் வரும் நோய். அரிஸ்டாட்டிலும் இதனை அறிந்திருந்தார். கி.பி. நான்காம் நூற்றாண்டின் குதிரை மருத்துவர் அப்சிர்டஸ் இதற்குச் சிகிச்சையே எழுதினார். இன்றைய கால்நடை மருத்துவம் லாமினைட்டிஸ் என்றழைக்கும் கொடிய குளம்பு நோய் இதுவே என்பது பெரும்பாலோர் கருத்து.

இப்போது வஸ்ஸாஃபிடம் மீண்டும் செல்வோம். அரபுக் குதிரைகள் மாபாரில் இறங்கியபின் நடப்பதை அவர் வியப்போடு விவரிக்கிறார். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய் சேர்த்த தானியமும் தின்னத் தருகிறார்கள், காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கத் தருகிறார்கள். கொழுக்க வேண்டும் என்பதற்காக நாற்பது நாள் கயிறும் முளையும் கொண்டு கொட்டடியில் கட்டிவைக்கிறார்கள். பிறகு எவ்விதப் பயிற்சியுமின்றி, அங்கவடியுமின்றி, வீரர்கள் பேய்போல் ஏறி விரட்டுகிறார்கள். சிறிது காலத்தில் வலியனவும் விரைவனவுமான குதிரைகள் மெலிந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமற் போகின்றன. மார்க்கோ போலோவும் வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் ஊட்டுவதாகச் சொல்கிறார்.

அன்பு மிகுந்த உபசாரம்தான். வீட்டுக்கு வந்த விருந்தினருக்கு நாம் செய்வதும் இதுதானே? ஆனால் குதிரையின் குடல் புல்லுக்கானது. மாவுச்சத்து மிகையானால் அது செரியாமல் பெருங்குடலுக்குச் சென்று புளிக்கிறது, அமிலம் பெருகுகிறது, குடலின் காப்பு குலைகிறது, நச்சு இரத்தத்தில் கலக்கிறது. அதன் விளைவு வெகுதொலைவில், குளம்புக்குள் தெரிகிறது. குளம்புச் சுவருக்கும் உள்ளிருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. புத்தகத்தின் தாள்களைப்போல் 550 முதல் 600 வரையான மடிப்புகள், ஒவ்வொன்றிலும் மேலும் நூற்றுக்கு மேற்பட்ட நுண்மடிப்புகள். எதிரெதிரான இரு புத்தகங்களின் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியதுபோல் அவை கோத்துக்கொண்டு குதிரையின் முழு எடையையும் தாங்குகின்றன. அக்கோப்பு தளர்வதே இந்நோய். முற்றினால் எலும்பு கீழ்நோக்கித் திரும்பி அடிக்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளிவருவதும் உண்டு. குடல் கெடுவது மட்டுமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு, நலமான மட்டக்குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலின் அளவை உயர்த்திவைத்தாலே இந்நோய் வந்துவிடும் எனக் காட்டியது. கொழுக்கவைப்பதே ஒரு தனி வழி என்று கொள்ளலாம்.

இந்நோய் கண்ட குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னங்கால்மேல் சாய்த்து நிற்கும். தணல்மேல் நடப்பதுபோல் குறுகக் குறுக அடிவைக்கும், திரும்பச் சொன்னால் திரும்பாது. நோயறியாதவன் கண்ணுக்கு அது கொழுத்த சோம்பேறிக் குதிரை. வஸ்ஸாஃப் மந்தம் என்று எழுதியது இதைத்தானோ என்பது என் ஐயம். அவர் குளம்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். இது என் ஊகமேயன்றிச் சான்றன்று. இன்னொன்றும் பொருந்துகிறது. தானியம் தின்று பல நாள் ஓய்ந்திருந்த குதிரையைத் திடீரென விரட்டினால் தசைகள் இறுகி, மூத்திரம் கருத்து, நடக்கவியலாமல் நின்றுவிடும். ஞாயிறு விடுமுறை முடிந்து வண்டியில் பூட்டும்போது வந்ததால் ஐரோப்பாவில் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர். நாற்பது நாள் கட்டிவைத்துப் பேய்போல் விரட்டினால் என்னாகும்?

எனினும் வெளிநாட்டார் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே ஏற்பதற்கில்லை. சமைத்த தீனி என்றதும் அவர்கள் நகைத்தார்கள். நம் கொள்ளு வேகாவிட்டால் கல். கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை என்று பழமொழியே வைத்திருக்கும் நாடு இது. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் ஆங்கிலேயக் குதிரைப் படையும் கொள்ளை வேகவைத்தே ஊட்டியது. சமைத்தது பிழையன்று, அளவும் நெய்யும் அசையாமையுமே பிழை.

அடுத்து, இறப்பு. முடமான குதிரை பயனற்றுப் போகலாம், ஆனால் ஆண்டுக்குள் ஆயிரக்கணக்கில் இறக்க வேண்டுமா? இங்கே லாடக்காரரால் தீர்க்கவொண்ணாத காரணங்களும் உண்டு. மழைக்காலத்தில் கடிக்கும் ஈக்கள் பரப்பும் சுர்ரா என்னும் நோய் குதிரைகளைக் கொன்று குவிப்பது. அதன் நுண்ணுயிரைப் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தது 1880-இல்தான். அதற்கு அறுநூறு ஆண்டு முன்னர் வாழ்ந்த பாண்டியனையோ அவன் குதிரைப் பாகனையோ இதற்காகக் குறைசொல்லல் முறையன்று.

தவிர, ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சாது என்பதையும் நம்பவியலவில்லை. 1311-இல் மாலிக் காஃபூர் தென்னாட்டைச் சூறையாடித் திரும்பியபோது 5,000 குதிரைகளைக் கொண்டுசென்றதாக அமீர் குஸ்ரு எழுதுகிறார். பரணி அதனை 20,000 ஆக்குகிறார். பரணியின் எண்ணைத் தள்ளிவிட்டு, குஸ்ருவின் எண்ணில் ஒரு பகுதியை மட்டும் பாண்டியர் கணக்கில் வைத்தாலும், உயிரோடு, நடக்கக்கூடிய குதிரைகள், தில்லி வரை நடத்திச் செல்லத்தக்க குளம்புடைய குதிரைகள், இந்நாட்டில் இருந்தன என்றாகிறது. யாரோ சிலர் அவற்றைப் பேணத்தான் செய்தனர்.

ஏட்டறிவுக்கும் பஞ்சமில்லை. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை நூல் மரபு தொன்மையானது. ஜயதத்தரின் அசுவவைத்தியகம் இருந்தது. விராடன் அரண்மனையில் கிரந்திகன் என்ற பெயரில் குதிரை பேணிய நகுலன் பெயரிலும் நூல்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைத் தஞ்சைச் சரசுவதி மகால் வண்ணப் படங்களோடு 1952-இல் பதிப்பித்தது. குதிரையின் நிறம், சுழி, குரல், நடை என்று இலக்கணம் விரித்துரைக்கும் மரபு அது. சுழி பார்த்துக் குதிரை வாங்குவதும், காலைத் தூக்கி மடியில் வைத்துக் கத்தியால் சீவுவதும் வேறுவேறு கைகளின் வேலை. முன்னது நூலேறியது. பின்னது தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைப்பழக்கமாகவே சென்றது. நூல் கப்பலேறாமலே பரவும், கைப்பழக்கம் பரவ ஆள் வந்தாக வேண்டும். வணிகர்கள் ஆளைத் தடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டின் கூர்மை இங்கேதான் இருக்கிறது.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த ஆளையே விலைகொடுத்து வரவழைத்தது. பிரான்சின் லியோன் நகரத்துக் கால்நடை மருத்துவப் பள்ளியில் பயின்றவரும், இயந்திரத்தால் லாடம் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றவருமான வில்லியம் மூர்கிராஃப்ட் 1808-இல் இந்தியா வந்து, பீகாரின் பூசாவிலிருந்த குதிரைப் பண்ணையின் பொறுப்பை ஏற்றார். குளம்பு வல்லுநரான அவர் அங்கு முனைந்து செய்த காரியங்களுள் ஒன்று தீனியை மாற்ற ஓட்ஸ் பயிரிட்டது. நல்ல குதிரை தேடி இமயம் கடந்து புகாராவரை சென்றவர், திரும்பும் வழியில் 1825-இல் இறந்தார். அவர் கதை தனிக் கட்டுரைக்குரியது.

காயலுக்குத் திரும்புவோம். வணிகர்கள் லாடக்காரரைத் தடுத்தனர் என்பது துறைமுக வம்பாக இருக்கலாம். மாலுமிகள் இப்படிப்பட்ட கதைகளைச் சுவையாகச் சொல்லக்கூடியவர்கள்தாம். ஆயினும் வஸ்ஸாஃப் போகிறபோக்கில் தரும் ஒரு செய்தி என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. குதிரை விற்ற ஜமாலுத்தீனுக்குத் தக்கியுத்தீன் என்றொரு சகோதரர். அவர் பாண்டியனின் அமைச்சர், ஆலோசகர். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. விற்பவர் அண்ணன் தம்பியருள் ஒருவர், வாங்கும் அரசனுக்கு யோசனை சொல்பவர் மற்றொருவர். கடலில் இறந்த குதிரைக்கும் கருவூலம் விலைகொடுக்கும் என்ற நிபந்தனை எப்படி வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுவதில்லை. துறையில் யார் இறங்கலாம், யார் இறங்கலாகாது என்று முடிவு செய்யும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது. தக்கியுத்தீனைத் திறமையும் நேர்மையும் உடையவராகவே கொள்ளலாம், அவர்மேல் பழி சுமத்தச் சான்றில்லை. ஒரு லாடக்காரனை வரவழையுங்கள் என்று அரசனிடம் சொல்லவேண்டிய இடத்தில் அவர் இருந்தார் என்பது மட்டும் உறுதி.

குதிரைகள் இவ்வாறு கெடுவதைப் பற்றி வஸ்ஸாஃப் வருந்தவுமில்லை. மேற்கிலுள்ளோர் கிழக்கின் பொருளையும், கிழக்கிலுள்ளோர் மேற்கின் பொருளையும் நாடியிருக்க வேண்டும் என்பது இறைவனின் ஏற்பாடு என்று அமைதி கொள்கிறார். தக்கியுத்தீன் மறைந்த பின் அவருடைய பதவி அவர் மகனுக்கும் பேரனுக்கும் சென்றதாகவும் குறித்து வைத்திருக்கிறார்.